படகின் பின்பலகையும் நம் பேரேடும்

சங்கராபுரத்தில் கடல் ஏது, படகு ஏது? மளிகைக் கடைக்காரருக்குப் படகுப் பலகையைப் பற்றி என்ன பேச்சு? இப்படி வாசக அன்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நம் ஊருக்கும் கடலுக்கும் உறவு இல்லை என்று சொல்லிவிட முடியாது. கல்வராயன் மலையில் பிறக்கும் மணிமுக்தா ஆறு நம் வட்டத்தின் அணையில் தங்கி, விருத்தாசலத்தைக் கடந்து, வெள்ளாற்றோடு கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. 1993 வரை நாம் தென்னார்க்காடு மாவட்டத்தார். மாவட்டத் தலைநகர் கடலூர். அதன் பிறகு விழுப்புரம், 2019 முதல் கள்ளக்குறிச்சி என்று முகவரி மாறினாலும், கடற்கரையிலிருந்து வரும் உப்பும் கருவாடும் நம் கடைகளுக்கு வருவது நிற்கவில்லை.

கருவாடு விற்கும் மளிகைக் கடைக்காரர் எவரும் கரையில் இரண்டொருவருக்கு முன்பணம் கொடுத்திருப்பார். அந்த முன்பணம் யாரை நம்பி? ஆளை நம்பி என்போம். உண்மையில் அது ஒரு படகை நம்பி. அந்தப் படகோ தன் எஞ்சினைத் தாங்கும் ஒரு பலகையை நம்பி ஓடுகிறது. அந்தப் பலகையைப் பற்றியே இக்கட்டுரை. இரும்புக்கடை, பலகைக் கடை, பெயிண்டு கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு இதில் நேரடியான செய்தியும் உண்டு. நம் கடையில் நடந்த ஒரு தவற்றையும் இதில் ஒளிக்காமல் எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

நாம் மளிகையோடு இரும்புச் சாமான், பலகை வியாபாரமும் செய்கிறோம். பரங்கிப்பேட்டைப் பக்கத்து மீனவர் ஒருவர் பல ஆண்டுகளாக நமக்கு நெத்திலிக் கருவாடு அனுப்பி வருபவர். 2021 ஆடி மாதம் கணக்குப் பார்க்க வந்தவர், நாம் அவருக்குத் தர வேண்டிய பாக்கியில் ஒரு பகுதிக்குப் பணம் வேண்டாம், பலகையாகக் கொடுங்கள் என்றார். படகின் பின்பலகை உளுத்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார். நம்மிடம் ‘மெரைன்’ என்று முத்திரை குத்திய பிளைவுட் இருந்தது. வழக்கமான விலையைவிடக் குறைவாக ஒரு மொத்த வியாபாரியிடம் கொள்முதல் செய்த சரக்கு. “தண்ணீருக்குத் தாங்குமா அண்ணே?” என்று கேட்டார். “மெரைன் என்று எழுதியிருக்கிறதே தம்பி, தாராளமாகத் தாங்கும்” என்றோம். ஒரு முழு ஷீட்டை வண்டியில் ஏற்றிக் கொண்டு போனார்.

2024 தை மாதம் ஒரு விடியற்காலையில், கரைக்கு வரும் வழியில், அவர் படகின் எஞ்சின் பலகையோடு பிய்ந்து கடலுக்குள் சாய்ந்தது. கயிறு கட்டியிருந்ததால் எஞ்சின் முழுகிப் போகவில்லை. படகில் மூன்று பேர் இருந்தார்கள். அலை குறைவாக இருந்ததால் உயிருக்கு ஆபத்தில்லாமல், வேறொரு படகு இழுத்து வந்து கரை சேர்த்தது. அவர் நமக்குத் தொலைபேசியில் சொன்னது ஒரு வாக்கியம்தான்: “அண்ணே, நீங்க கொடுத்த பலகை மூணு வருஷம்கூட நிக்கல.”

அவர் கணக்கில் நாம் கொடுத்த முன்பணம் நின்றது. அதைக் கேட்கும் வாய் நமக்கு அன்று இல்லை. அந்த வாரமே விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டைக்குப் போனோம். அங்கே பைபர் வேலை செய்யும் மேஸ்திரி ஒருவரோடு உட்கார்ந்து கேட்டதும் பார்த்ததும்தான் கீழே வருபவை.

பின்பலகை என்பது என்ன?

கரையில் படகின் முன்முனையை அணியம் என்றும் பின்பகுதியை அமரம் என்றும் சொல்கிறார்கள். எஞ்சினை வெளியே மாட்டும் பைபர் படகில் அமரம் கூர்மையாக இராது. சுவர்போல் தட்டையாக அடைக்கப்பட்டிருக்கும். அந்தச் சுவர்தான் பின்பலகை. படகு கட்டுபவர்கள் டிரான்சம் என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் முழுதும் பைபர்போலத் தெரியும். உள்ளே இருப்பது மரம். வெளியே ஒரு பைபர் தோல், நடுவே ஒன்றோடு ஒன்று ஒட்டிய இரண்டு பிளைவுட் பலகைகள், உள்பக்கம் இன்னொரு பைபர் தோல். நடுவில் பருப்பு வைத்து இருபுறமும் மாவு மூடிய போளிபோல என்று வைத்துக்கொள்ளலாம்.

எஞ்சின் இதன்மேல் வெறுமனே உட்கார்ந்திருப்பதில்லை. தண்ணீருக்குள் இருக்கும் விசிறி படகை முன்னே தள்ளும்போது, எஞ்சினின் அடிப்பகுதி பலகையை முன்னோக்கி அழுத்துகிறது. மேற்பகுதி பலகையைப் பின்னோக்கி இழுக்கிறது. ஒவ்வோர் அலையிலும், ஒவ்வொரு முறை வேகம் கூட்டிக் குறைக்கும்போதும் இந்த இழுபறி நடக்கிறது. கரையேற்றும்போது எஞ்சினைத் தூக்கி நிறுத்தினால் அதன் முழு எடையும் பின்பக்கமாகத் தொங்குகிறது. இவ்வளவையும் தாங்குவது அந்த மரமும் இரண்டு தோலும் சேர்ந்த ஒட்டுறவுதான். மரம் உளுத்தால் இரண்டு தோலும் தனித்தனியே நிற்கும். தனித்தனியே நின்றால் இரண்டுக்கும் பலமில்லை.

ஏன் உளுக்கிறது?

பைபர் உளுக்காது, ஆனால் அதில் ஓட்டை போடுவோம். எஞ்சின் போல்டுக்கு நான்கு ஓட்டை, தண்ணீர் வடிய ஓர் ஓட்டை, கயிறு கட்டக் கொக்கிக்கு இரண்டு என்று போகும். ஓட்டை போட்டவர் அதன் உள்சுவரை ரெசினால் மூடாமல் போல்டை முடுக்கிவிட்டால், உப்புத் தண்ணீர் நூல் நூலாக மரத்துக்குள் இறங்கும். வெளியே பைபர் மூடியிருப்பதால் இறங்கிய தண்ணீர் காய வழியில்லை. பலகையின் மேல்விளிம்பு, எஞ்சின் பிடி உரசி உரசித் தேய்ந்த இடம், இன்னொரு வாசல். கேழ்வரகு மூட்டையின் அடியில் ஈரம் பிடித்தால் மேலே கைவைத்துப் பார்த்து எப்படித் தெரியாதோ, அதே கதைதான்.

நம் கரையில் பைபர் படகுகள் பெருகியது 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு. அதற்கு முன்பும் இருந்தன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தின் கீழ், ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் கரையில் ஏற்றக்கூடிய படகுகளைச் சோதித்துப் பார்த்ததும் உண்டு. ஆனால் கட்டுமரத்தில் போனவர்கள் பெரும் எண்ணிக்கையில் பைபருக்கு மாறியது நிவாரணப் படகுகள் வந்த 2005க்குப் பிறகுதான். பல பட்டறைகளில் அவசர அவசரமாகக் கட்டப்பட்டவற்றில் நல்லவையும் இருந்தன, தரம் குறைந்தவையும் இருந்தன. இன்று அந்தப் படகுகளுக்கு வயது இருபதைத் தொட்டுவிட்டது. உடல் நன்றாக இருக்கும். பின்பலகை மட்டும் போயிருக்கும். புதுப் படகு வாங்க முடியாதவருக்குப் பின்பலகையை மாற்றிக் கட்டுவதே வழி.

உளுத்ததைக் கண்டுபிடிப்பது எப்படி?

மேஸ்திரி நான்கு சோதனைகளைச் சொன்னார்.

முதலாவது, சிறு சுத்தியலால் பலகை முழுதும் தட்டிக் கேட்பது. நல்ல இடம் ‘டக் டக்’ என்று இறுக்கமாகச் சொல்லும். உளுத்த இடம் ‘தொப்’பென்று அமுங்கிப் பேசும். தேங்காய் தட்டிப் பார்த்து வாங்கும் நமக்கு இந்தக் கலை புதிதல்ல.

இரண்டாவது, எஞ்சினைத் தூக்கி நிறுத்தி, அதன் கால்பகுதியைக் கையால் மேலும் கீழும் அசைப்பது. எஞ்சினோடு பலகையும் அசைந்தால் உள்ளே மரம் இல்லை என்று பொருள்.

மூன்றாவது, போல்டு ஓரங்களிலும், பலகை படகின் உடலோடு சேரும் மூலைகளிலும் முடிபோன்ற விரிசலும், பழுப்பு நிறக் கசிவும் உண்டா என்று பார்ப்பது.

நான்காவது, சந்தேகப்பட்ட இடத்தில் உள்பக்கத்திலிருந்து மட்டும் சிறிய துளை போட்டு, வரும் தூளைப் பார்ப்பது. வெளிர் நிறத்தில் காய்ந்த தூளாக வந்தால் மரம் நலம். கறுத்து, ஈரமாக, மக்கிய வாடையோடு வந்தால் மாற்ற வேண்டியதுதான். பார்த்த துளையை உடனே அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சோதனையே நோயாகும்.

எந்தப் பலகை?

நம் உறுப்பினர்கள் உற்றுப் படிக்க வேண்டிய இடம் இது. பிளைவுட்டில் பொது உபயோகத்துக்கு ஐ.எஸ். 303 என்ற தர எண். கடல், நீர் உபயோகத்துக்கான மெரைன் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710. வித்தியாசம் முக்கியமாக ஒட்டுப் பசையிலும், மரத்துக்குச் செய்யும் பாதுகாப்புப் பதத்திலும், உள்தகடுகளில் சந்து இல்லாமல் அடுக்குவதிலும் இருக்கிறது. மெரைன் பலகையின் துண்டு 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் தகடு பிரியக் கூடாது என்பது அதன் சோதனை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

‘மெரைன்’ என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். பார்க்க வேண்டியது மூன்று: ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதன் மேலே 710 என்ற எண், கீழே உரிம எண். அந்த உரிம எண் உண்மையா என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஸ் கேர்’ என்ற கைப்பேசிச் செயலியில் போட்டால் அங்கேயே தெரிந்துவிடும். நாம் 2021இல் விற்ற பலகையில் ‘மெரைன்’ இருந்தது, உரிம எண் இல்லை. விலை குறைவு என்று பார்த்தோமே தவிர எண்ணைப் பார்க்கவில்லை.

பரங்கிப்பேட்டையிலிருந்து திரும்பியதும், கிடங்கில் மூலையில் கிடந்த அதே சரக்கின் மிச்சத் துண்டை எடுத்தோம். முறையான ஐ.எஸ். 710 பலகையின் துண்டு ஒன்றையும் எடுத்து, இரண்டையும் ஓர் அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தோம். காலை எட்டு மணிக்கு அடுப்பு மூட்டியது. மாலை கடை விளக்கு ஏற்றுமுன் நம் ‘மெரைன்’ பலகை வாழைமட்டைபோல ஏடு ஏடாகப் பிரிந்து மிதந்தது. மற்றத் துண்டு மறுநாளும் அப்படியே இருந்தது. ஆய்வுக்கூடச் சோதனைக்கு இது ஈடாகாது. ஆனாலும் கள்ளச் சரக்கைக் காட்டிக்கொடுக்க இது போதும். புதிதாகப் பலகைக் கொள்முதல் செய்யும் உறுப்பினர்கள் ஒரு துண்டு வாங்கி இப்படிப் பார்த்துக்கொள்வது நல்லது.

வேலை நடந்த முறை

எஞ்சினைக் கழற்றி, படகை மேட்டில் ஏற்றி, பந்தல் போட்டார்கள். நல்ல தண்ணீர் விட்டு உப்புப் போகக் கழுவினார்கள். உப்பு ஒட்டியிருந்தால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ரெசின் பிடிக்காது. பிறகு படகின் இரு பக்கச் சுவர்களும் விரிந்துவிடாதபடி குறுக்கே சட்டம் கட்டினார்கள். பின்பலகையை எடுத்துவிட்டால் படகு வாயைப் பிளந்துகொள்ளும், அதன் வடிவம் திரும்பக் கிடைக்காது.

அடுத்து, உள்பக்கத் தோலை ஓரத்தில் இரண்டு மூன்று அங்குலம் விட்டு அறுத்துத் தோலுரித்தார்கள். உள்ளே இருந்த மரத்தை உளியால் பெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. கையால் அள்ளி எடுத்தார்கள், ஈரத் தேயிலைச் சண்டுபோல. நாம் விற்ற பலகை அது. நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெளித்தோலை அப்படியே விட்டார்கள்; புதுப்பலகைக்கு அதுதான் அச்சு. உள்முகத்தை அரைத்து, மங்கிய பழைய ரெசினும் மரத்துணுக்கும் போய்ச் சுத்தமான இழை தெரியும்வரை தேய்த்தார்கள். ஓரங்களைச் செங்குத்தாக விடாமல், சரிவாகத் தேய்த்தார்கள். பழைய பைபரின் கனம் ஓர் அங்குலப் பங்கு என்றால், சரிவு அதைப்போல் பன்னிரண்டு மடங்கு நீள வேண்டும் என்பது கணக்கு. புதுப் பைபர் பழையதன்மேல் பிடித்து நிற்பது இந்தச் சரிவில்தான். பத்து நாள் காயவிட்டார்கள்.

பலகையை வெட்ட முதலில் அட்டையில் அளவு எடுத்தார்கள். அட்டைக்கு நம் கடைச் சோப்புப் பெட்டிகள் உதவின. எஞ்சின் உட்காரும் வெட்டின் உயரம் முக்கியம். குட்டைக் கால் எஞ்சினுக்கு 15 அங்குலம், நீளக் கால் எஞ்சினுக்கு 20 அங்குலம் என்பது வழக்கம். பலகையின் பின்சாய்வும் பழையபடியே இருக்க வேண்டும். இல்லையேல் விசிறி தண்ணீரைச் சரியாகப் பிடிக்காது.

18 மில்லிமீட்டர் ஐ.எஸ். 710 பலகை இரண்டு. இரண்டின் எல்லா முகங்களுக்கும், முக்கியமாக வெட்டு விளிம்புகளுக்கு, கேட்டலிஸ்ட் கலந்த ரெசினை முதலில் குடிக்கவிட்டார்கள். வெளித்தோலின்மேல் ரெசினில் ஊறிய மேட் ஒன்று, அதன்மேல் முதல் பலகை, பிறகு இன்னொரு ஈர மேட், அதன்மேல் இரண்டாவது பலகை. பலகைகளில் ஆங்காங்கே சிறு துளைகள் போட்டிருந்தார்கள். அடியில் மாட்டிய காற்றும் மிஞ்சிய ரெசினும் அவற்றின் வழியே வெளியேறும். துளையில் ரெசின் எட்டிப்பார்த்தால் அடியில் வெற்றிடம் இல்லை என்று அர்த்தம். சட்டம் வைத்துக் கிளாம்பு போட்டு முடுக்கினார்கள். அதிகம் முடுக்கினால் ரெசின் முழுதும் பிதுங்கிப் போய் ஒட்டு வறண்டுவிடும் என்று மேஸ்திரி எச்சரித்தார்.

மறுநாள், பலகை படகின் பக்கச் சுவரோடும் அடித்தளத்தோடும் சேரும் மூலைகளில் ரெசின் புட்டி வைத்துக் கைவிரல் வளைவில் உருட்டினார்கள். கண்ணாடி இழை கூர்மையான மூலையில் மடங்காது. மடங்காத இடத்தில் காற்று தங்கும், காற்று தங்கிய இடம் முதலில் விரியும். அதன்மேல் மேட், ரோவிங், மேட், ரோவிங், மேட் என்று ஐந்து அடுக்கு. ஒவ்வோர் அடுக்கும் முந்தையதைவிட அகலமாக, பக்கச் சுவரின்மேலும் தளத்தின்மேலும் ஏறிப் படிந்தது. ஐந்தையும் ஒரே மூச்சில் போடவில்லை. ரெசின் இறுகும்போது சூடு எழும். ஒரேயடியாகக் கனமாகப் போட்டால் வெந்து விரிசல் விடும். முதல் நாள் மூன்று, மறுநாள் இரண்டு.

ரெசின் கணக்கு

பொருள் விற்கும் நமக்கும் வாங்கும் அவருக்கும் உதவும் கணக்கு இது. பலகை ஐந்தடி அகலம், இரண்டடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட் தன் எடையைப்போல் சுமார் இரண்டேகால் மடங்கு ரெசின் குடிக்கும். 600 கிராம் ரோவிங் தன் எடைக்குச் சமமாகக் குடிக்கும்.

உள்தோலுக்கு ஓரப்படிவு உட்பட அடுக்குக்கு ஒன்றரை சதுர மீட்டர். மூன்று மேட் அடுக்கு: இரண்டு கிலோ இழை, நாலரை கிலோ ரெசின். இரண்டு ரோவிங் அடுக்கு: 1.8 கிலோ இழை, 1.8 கிலோ ரெசின். பலகை ஒட்டும் இரண்டு மேட்: 900 கிராம் இழை, இரண்டு கிலோ ரெசின். பலகைக்குக் குடிக்கவும் புட்டிக்கும் இரண்டு கிலோ. கூட்டினால் பத்தே கால் கிலோ. சேதாரத்தோடு 12 கிலோ ரெசின், 3 கிலோ மேட், 2 கிலோ ரோவிங், ஒரு முழு 8-க்கு-4 ஷீட் பலகை. இதற்குமேல் யாராவது இரட்டிப்புப் பட்டியல் கொடுத்தால் கேள்வி கேட்கலாம்.

கேட்டலிஸ்ட் கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். நம் கோடையில் 10 கிராம் பக்கமே போதும். அதற்குக் கீழே குறைத்தால் ரெசின் முழுதாக இறுகாமல் பல நாள் பிசுபிசுக்கும். வேகமாக முடியட்டும் என்று அதிகம் ஊற்றினால் வாளியிலேயே இறுகிப் புகையும். தராசு இல்லாமல் கண்ணளவில் ஊற்றுவது கூடாது. மளிகைக்காரர்கள் நாம், ஏலக்காயை எப்படி நிறுப்போமோ அப்படி நிறுக்க வேண்டிய சரக்கு அது.

பணம் உள்ளவர் பலகை ஒட்டுவதற்கு எபாக்சி வாங்கலாம். மரத்தையும் பழைய பைபரையும் அது கூடுதலாகப் பற்றும், விலையும் கூடுதல். ஆனால் எபாக்சிமேல் சாதாரண ஜெல்கோட் சரியாக நிற்காது. மேட்டில் இருக்கும் பசையும் எபாக்சியில் கரையாது. எனவே எபாக்சிக்கு நெய்த துணியும், மேலே பெயிண்டும் என்று திட்டமிட வேண்டும்.

முடிப்பு வேலை

பலகை கட்டியதோடு வேலை முடிந்ததாக நினைப்பவர்தான் மூன்று வருடத்தில் மறுபடி வருகிறார். பாதி ஆயுள் முடிப்பு வேலையில் இருக்கிறது.

எஞ்சின் போல்டு ஓட்டைகளை வேண்டியதைவிட ஆறு மில்லிமீட்டர் பெரிதாகத் துளைத்து, எபாக்சிப் புட்டியால் முழுதும் அடைத்து, இறுகிய பிறகு அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளைத்தார்கள். இனி போல்டைச் சுற்றி இருப்பது புட்டி. தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. தண்ணீர் வடியும் ஓட்டைக்குள் குழாய் வைத்து ஒட்டினார்கள். மேல்விளிம்புக்கு மூன்று அடுக்கு மேட் தொப்பிபோல மூடி, எஞ்சின் பிடி உட்காரும் இடத்தில் உலோகத் தகடு வைத்தார்கள். போல்டு துருப்பிடிக்காத எஃகு, உள்பக்கம் அகல வாஷர், அடியில் சீலண்ட்.

பிறகு மேடுபள்ளத்துக்குப் புட்டி, 80 எண் தாளிலிருந்து 220 வரை தேய்ப்பு, மேலே ஜெல்கோட். சாதாரண ஜெல்கோட் காற்றுப் படும் முகத்தில் பிசுபிசுப்பாக நிற்கும் குணம் உள்ளது. அதனால் கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் கலந்தார்கள். மெழுகு மேலே மிதந்து காற்றை மறைக்க, பூச்சு இறுகியது. பனி இறங்கும் காலையிலும் மழை மூட்டத்திலும் எந்தப் பூச்சும் பூசவில்லை. காலை ஒன்பது மணிக்கு மேல்தான். முடிந்த பிறகும் ஒரு வாரம் எஞ்சினை மாட்டவில்லை. மாட்டிய பின் பத்து நடை போய்வந்து போல்டுகளை மறுபடி முடுக்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார் மேஸ்திரி.

கடையில் வைப்போர் கவனத்துக்கு

ரெசின், கேட்டலிஸ்ட், கோபால்ட் மூன்றும் ஒரே வாடிக்கையாளர் வாங்கும் சரக்குகள். ஆனால் ஒரே தட்டில் வைக்கக் கூடாத சரக்குகள். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றி வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட் சேர்க்க வேண்டும். கூடுமானவரை கோபால்ட் முன்கூட்டியே கலந்த ரெசினையே வாங்கி விற்பது உத்தமம்.

கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வை போகும். உடனே தண்ணீர் விட்டுப் பல நிமிடம் கழுவி மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதை வந்த பிளாஸ்டிக் கொள்கலனிலேயே, வெயில் படாமல் வைக்கவும். தண்ணீர் பாட்டில், மருந்துப் பாட்டிலில் சில்லறையாக ஊற்றிக் கொடுப்பதை அடியோடு நிறுத்த வேண்டும். ரெசினுக்கும் ஆயுள் உண்டு. பழைய இருப்பு டின்னிலேயே கூழாகிவிடும். தேதி பார்த்து வாங்கவும். மளிகையும் சேர்த்து விற்பவர்கள் ரெசினை அரிசி, தேயிலை, பருப்பு இருக்கும் கிடங்கில் வைக்க வேண்டாம். அதன் ஆவியின் வாடை உணவுப் பொருளில் ஏறிவிடும், இறங்காது.

இன்னொன்று. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, குறைபாடுள்ள பொருளால் தீங்கு நேர்ந்தால், தயாரித்தவர் மட்டுமன்றி, சில நிலைகளில் விற்றவரும் பொறுப்பாவார். தயாரித்தவர் யாரென்றே தெரியாத சரக்கை விற்றாலும், ‘இது தாங்கும்’ என்று விற்பவர் தாமே உறுதி கொடுத்தாலும் பொறுப்பு வரக்கூடும். நாம் 2021இல் இரண்டையும் செய்தோம். அந்த மீனவர் வழக்குப் போடவில்லை. போட்டிருந்தால் நமக்குச் சொல்லப் பதில் இருந்திராது.

கணக்கு முடிந்தது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 2017க்கு முன் இது 45 நாளாக இருந்தது. பெரிய படகுகள் நிற்கும் அந்த நாட்களில், சிறு படகு கொண்டு வரும் மீனுக்குத்தான் விலை. பழுதான பின்பலகையோடு ஒரு பைபர் படகுக்காரர் சித்திரையில் கரையில் உட்கார்ந்தால், அவர் இழப்பது இரண்டு மாதமல்ல; ஆண்டின் நல்ல வருமானத்தை. எனவே மாசிக்குள் வேலை தொடங்கியாக வேண்டும் என்பது மேஸ்திரியின் கண்டிப்பு.

நம்முன் மூன்று வழிகள் இருந்தன. முன்பணத்தைக் கேட்டு நெருக்கலாம். ஒன்றும் தெரியாததுபோல இருக்கலாம். அல்லது விற்ற தவற்றைச் சரிசெய்யலாம். நமக்கு அந்தப் பலகையைக் கொடுத்த மொத்த வியாபாரியிடம் கேட்டோம். பில் இல்லாத கொள்முதல் என்பதால் கைவிரித்தார். மலிவுக்கு நாம் கொடுத்த விலை அது.

உரிம எண் சரிபார்த்த ஐ.எஸ். 710 பலகை ஒரு ஷீட்டும் ரெசின் சாமான்களும் நம் கணக்கில் வாங்கிக் கொடுத்தோம். மேஸ்திரி கூலியை மீனவரே கொடுத்தார், அதையும் தருகிறோம் என்றதற்கு, “பலகை உங்க தப்பு அண்ணே, ஓட்டையை மூடாம விட்டது என் தப்பு” என்றார். பழைய பலகைக்காக 2021இல் அவர் பாக்கியில் கழித்த தொகையைப் பேரேட்டில் திருப்பி வரவு வைத்தோம்.

2024 பங்குனியில் படகு கடலில் இறங்கியது. வைகாசி மாதம் வழக்கத்தைவிட இரண்டு சிப்பம் கூடுதலாக நெத்திலி வந்தது. விலைச்சீட்டின் அடியில் “பலகை நல்லா இருக்கு” என்று எழுதியிருந்தார். முன்பணம் அந்த ஆண்டு தீபாவளிக்குள் நேரானது.

நம் கடையில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எந்தப் பலகை வந்தாலும் உரிம எண்ணைக் கொள்முதல் பேரேட்டில் எழுதிய பிறகே கிடங்கில் ஏற்றுவது. விற்கும்போது பில்லிலும் அதே எண்ணை எழுதிக் கொடுப்பது. எண் இல்லாத பலகை மலிவாக வந்தால், அது எவ்வளவு மலிவானாலும், வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்புகிறோம். கிடங்கு மூலையில், அன்று அண்டாவில் பிரிந்த ஏடுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் இது என்ன என்று கேட்பார்கள். கேட்கட்டும் என்றுதான் வைத்திருக்கிறோம்.